ஒலேத்தாவிலிருந்து ஆஷ்காஷ் வரை

சொந்த விமானம் என்றால் கோடீசுவரர் சமாச்சாரம் என்றுதான் நம்மூரில் நினைப்போம். கான்சாஸ் மாநிலத்தில் குடியேறிவிட்ட என் கல்லூரித் தோழனிடம் இருப்பது 1968-ஆம் வருடத்து செஸ்னா 172. நாலு பேர் உட்காரலாம், ஒற்றை எஞ்சின், 150 குதிரைத்திறன். அதிலும் அவனுக்கு மூன்றில் ஒரு பங்குதான். மற்ற இரண்டு பங்கும் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவருக்கும் டிராக்டர் மெக்கானிக் ஒருவருக்கும். முழு விமானமே இன்றைக்கு 70,000 டாலர்தான் பெறும். அவன் பங்குக்குக் கொடுத்தது ஒரு சாதாரணக் காரின் விலை.

1956-இல் விற்பனைக்கு வந்த 172, இதுவரை 44,000-க்கு மேல் செய்யப்பட்டிருக்கிறது. உலகத்தில் வேறெந்த விமானமும் இந்த எண்ணிக்கையைத் தொட்டதில்லை. அலுமினியத் தகடும் ரிவெட்டும் ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் ஐம்பது வருடம் தாண்டியும் பறக்கும். எஞ்சினைக் கழற்றிப் புதுப்பிக்கலாம். முதலில் மூப்படைவது விமானியின் முன்னால் இருக்கும் பேனல்தான். என் தோழனும் கூட்டாளிகளும் அந்தப் பேனலுக்காக 18,000 டாலர் சேர்த்து வைத்திருந்தார்கள். மேகத்துக்குள் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கவும் இறங்கவும் அந்த விமானத்தைத் தகுதியாக்க வேண்டும். விமானிகள் இதை ஐ.எஃப்.ஆர். என்பார்கள். ஜூலைக் கடைசியில் விஸ்கான்சின் மாநிலத்து ஆஷ்காஷில் நடக்கும் விமானத் திருவிழாவுக்குப் போய், எல்லாக் கம்பெனிப் பெட்டிகளையும் ஒரே இடத்தில் பார்த்து முடிவுசெய்வதாகத் திட்டம். என்னையும் அழைத்துக்கொண்டான்.

நாங்கள் கிளம்பிய ஒலேத்தாவுக்கும் இந்த விஷயத்துக்கும் நெருங்கிய உறவு உண்டு. சிறு விமானங்களின் ரேடியோ என்றாலே கிங் என்று இருந்த காலத்தில் அந்த கிங் ரேடியோவின் தொழிற்சாலை ஒலேத்தாவில்தான் இருந்தது. எட் கிங் 1959-இல் தொடங்கிய கம்பெனி அது. அங்கே வேலை பார்த்த கேரி பரலும் மின் காவும் 1989-இல் தொடங்கியதுதான் கார்மின். அதன் தலைமையகமும் இன்று ஒலேத்தாவில்தான். பழைய விமானங்களின் பேனலில் இருக்கிற பெட்டியும் அதைக் கழற்றிவிட்டுப் பொருத்தப்போகிற பெட்டியும் பெரும்பாலும் இந்த ஒரே ஊரில் பிறந்தவை.

விடியற்காலையில் ஹேங்கர் கதவைத் தள்ளித் திறந்ததும் பேனலை எனக்குக் காட்டினான். இரண்டு கிங் கேஎக்ஸ் 170பி ரேடியோக்கள். அலைவரிசை மாற்றக் கறுப்புக் குமிழ்களைத் திருக வேண்டும். ஒவ்வொரு திருகலுக்கும் உள்ளே பல்சக்கரம் விழுகிற சத்தம் விரல் நுனிக்குத் தெரிகிறது. அவற்றின் பக்கத்தில் இரண்டு ஊசிக் கருவிகள். ஒன்றில் கிளைடுஸ்லோப், அதாவது இறங்கும் சரிவைக் காட்டும் கிடை ஊசி செத்துப்போய் நடுவிலேயே நிற்கிறது. கீழே ஏ.டி.எஃப். என்ற திசைமுள், அது பிடிக்கிற நிலையங்களையே அமெரிக்காவில் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருக்கிறார்கள். இடப்பக்கம் செயற்கை அடிவானம். எஞ்சின் ஓடும்போது ஒரு பம்பு காற்றை உறிஞ்ச, அந்த ஓட்டத்தில் சுழலும் ஜைரோவால் வேலை செய்கிற கருவி அது.

வடக்கு மிசூரிக்கு மேலே போகும்போது, அந்த ஊசிகளை நகர்த்தும் வி.ஓ.ஆர். என்ற வழிகாட்டி ஏற்பாடு எப்படி வேலை செய்கிறது என்று நடத்திக் காட்டினான். தரையில் உள்ள நிலையம் இரண்டு சமிக்ஞை அனுப்புகிறது. ஒன்று எல்லாத் திசைக்கும் ஒரே மாதிரி; மற்றது திசைக்குத் திசை கட்டம் மாறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை அளந்து, நிலையத்திலிருந்து எந்தப் பாகையில் இருக்கிறோம் என்று ரேடியோ கண்டுபிடிக்கிறது. ஊசி நடுவில் நின்றால் நாம் கோட்டின் மேல் இருக்கிறோம். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு நாடு முழுக்கப் பரவிய ஏற்பாடு இது. நேர்க்கோட்டில்தான் அலை வரும் என்பதால் தாழப் பறந்தால் சமிக்ஞை அறுந்துவிடும். அவன் 3,000 அடியிலிருந்து 1,500-க்கு இறக்கியதும் ஊசி தளர்ந்து, சிவப்புக் கொடி எட்டிப் பார்த்தது.

அவன் முழங்காலில் கட்டியிருந்த ஐபேடில் ஆறு, சாலை, ஓடுபாதை, நாங்கள் இருக்கும் இடம் எல்லாம் வண்ணத்தில் தெரிந்துகொண்டிருந்தன. சில நூறு டாலர் விஷயம். இது இருக்கும்போது எதற்கு ஆயிரக்கணக்கில் செலவு என்று கேட்டேன்.

"வழி தெரிஞ்சுக்க இது போதும்டா. மேகத்துக்குள்ள இதை நம்பி இறங்கக் கூடாது, சட்டமும் விடாது. ஜி.பி.எஸ். தப்பாக் காட்டினா, தப்பாக் காட்டுறேன்னு அதுவே சொல்லணும். இது சொல்லாது."

அவன் சொன்ன அந்தத் தகுதிக்குத்தான் விலை. மேகத்துக்குள் இறங்க அங்கீகாரம் பெற்ற ஜி.பி.எஸ்., செயற்கைக்கோள்களின் அளவீடுகளை ஒன்றோடொன்று ஒத்துப்பார்த்து, சந்தேகம் வந்த நொடியே விமானியை எச்சரிக்க வேண்டும். உள்ளே இருக்கும் வழித்தடத் தரவுகளும் 28 நாளைக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட வேண்டும். அதற்குத் தனியாக ஆண்டுச் சந்தா.

பெட்ரோலுக்காக ஐயோவா சிட்டியில் இறங்கினோம். இறங்கிய கையோடு கிழக்கிலிருந்து மேகம் தாழ வந்து மூடியது. மேகத்தின் அடிப்பகுதி தரையிலிருந்து 400 அடி என்று வானிலைப் பலகை காட்டியது. மேலே 4,000 அடிக்குப் போனால் நல்ல வெயில் என்று அப்போதுதான் வந்து இறங்கிய ஒரு விமானி சொன்னார். எங்களால் கிளம்ப முடியாது. அன்று இரவு அங்கேயே தங்கினோம்.

தங்க நேர்ந்த ஊரும் சாதாரண ஊரில்லை. 1921 பிப்ரவரி 22-ஆம் தேதி இரவு, ஜாக் நைட் என்ற தபால் விமானி, இருக்கைக்கு மேலே கூரையில்லாத டி ஹாவிலாண்ட் விமானத்தில் ஒமாஹாவிலிருந்து சிகாகோவுக்குத் தபால் மூட்டையோடு புறப்பட்டார். அந்த வழியில் அவர் அதற்குமுன் பறந்ததே இல்லை. கையில் ஒரு சாலை வரைபடம். ஊர்க்காரர்கள் வழியெங்கும் மூட்டி வைத்த சொக்கப்பனைகள்தான் அவருக்கு வழிகாட்டி. டெ மாய்ன் மைதானம் பனியில் புதைந்திருந்ததால் அவர் இறங்கியது இந்த ஐயோவா சிட்டியில். இனி விமானம் வராது என்று எல்லோரும் வீட்டுக்குப் போயிருந்தார்கள். இருந்தது இரவுக் காவலாளி மட்டும். அவர் கொளுத்திக் காட்டிய வெளிச்சத்தில் இறங்கி, பெட்ரோல் ஊற்றிக்கொண்டு நைட் மறுபடி கிளம்பி, காலையில் சிகாகோ போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு இரவுதான் விமானத் தபாலை அமெரிக்கக் காங்கிரஸ் கைவிடாமல் காப்பாற்றியது என்று சொல்வார்கள்.

எட்டு வருடம் கழித்து, 1929 செப்டம்பர் 24 அன்று, ஜிம்மி டூலிட்டில் தன் இருக்கையை முழுக்க மூடிக்கொண்டு, வெளியே எதையும் பார்க்காமல், கருவிகளை மட்டும் பார்த்துப் புறப்பட்டு, சுற்றி வந்து இறங்கினார். நியூயார்க் அருகே மிட்செல் மைதானத்தில் நடந்தது அது. முன்னிருக்கையில் பாதுகாப்புக்காக பெஞ்சமின் கெல்சி இருந்தார். டூலிட்டிலுக்கு உதவியவை ஸ்பெர்ரியின் செயற்கை அடிவானம், கால்ஸ்மன் செய்த நுட்பமான உயரமானி, ஒரு ரேடியோக் கற்றை. நூறு வருடம் நெருங்கியும் இன்றைய பட்டியலின் எலும்புக்கூடு அதேதான்: விமானம் சாய்ந்திருக்கிறதா என்று தெரிய வேண்டும், எவ்வளவு உயரம் என்று தெரிய வேண்டும், எந்தக் கோட்டில் இருக்கிறோம் என்று தெரிய வேண்டும்.

இந்த மூன்றில் முதலாவதைத்தான் நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். 1954-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை நடந்தது. கருவிப் பயிற்சி இல்லாத 20 பேரை ஒரு பொனான்சா விமானத்தில் வெளியே தெரியாதபடி பறக்கவிட்டுப் பார்த்தார்கள். இருபது பேருமே கட்டுப்பாட்டை இழந்தார்கள். சராசரியாக 178 நொடி. மூன்று நிமிடம்கூட இல்லை. உள்காது சொல்கிற சமநிலை மேகத்துக்குள் பொய்யாகிவிடும். பம்பால் ஓடும் அடிவானக் கருவியின் ஆபத்தும் இதில்தான். பம்பு செத்தால் ஜைரோ சட்டென்று நிற்பதில்லை. வேகம் குறையக் குறைய மெல்லச் சாய்கிறது. விமானியும் அதை நம்பிக் கூடவே சாய்கிறார். வழிகாட்டும் ஜி.பி.எஸ். எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் அந்த நேரத்தில் காப்பாற்றாது.

அந்த மேகத்தடியில், விமான நிலையத்துக் காத்திருப்பு அறையின் காபிக் குவளைகளுக்கு நடுவில், தோழன் கணக்கை ஒரு தாளில் போட்டான். மலிவாகக் கிடைக்கும் பழைய ஜி.பி.எஸ். பெட்டிகள் உண்டு. அங்கீகாரமும் உண்டு. ஆனால் இடம் வலம் மட்டும்தான் காட்டும். இறங்கும் சரிவைக் காட்டாது. அதனால் பெரும்பாலான ஓடுபாதைகளில் 400, 500 அடிக்குக் கீழே மேகத்துக்குள் இறங்க அனுமதி இல்லை. 2003-இல் அமெரிக்கா வாஸ் என்ற திருத்த ஏற்பாட்டைச் செயல்படுத்தியது. தரையில் உள்ள நிலையங்கள் ஜி.பி.எஸ்-இன் பிழையை அளந்து, பூமியோடு சேர்ந்து சுற்றும் செயற்கைக்கோள் வழியாகத் திருத்தம் அனுப்புகின்றன. வாஸ் உள்ள பெட்டி இருந்தால் சரிவும் ஊசியில் தெரியும். பல ஊர்களில் 200, 250 அடி வரைக்கும் இறங்கலாம். நாடு முழுக்க இப்படிப்பட்ட இறங்குமுறைகள் 4,000-க்கு மேல். லட்சக்கணக்கில் செலவு பிடிக்கும், தரையிலிருந்து ரேடியோக் கற்றையால் சரிவைக் காட்டும் ஐ.எல்.எஸ். கோபுரங்களை எந்தக் காலத்திலும் கட்ட முடியாத சின்ன ஊர்களில்கூட இது இருக்கிறது. வெளியே அப்போது மேகம் 400 அடியில் நின்றது. பழைய பெட்டி வைத்திருப்பவர் இறங்க முடியாத வானம் அது. வாஸ் வைத்திருப்பவருக்கு வழக்கமான வானம்.

மறுநாள் மதியம் மேகம் விலகியது. டபியூக் பக்கமாக மிசிசிப்பியைக் கடந்தோம். அகன்ற ஆறு; நடுநடுவே பச்சைத் தீவுகள்; மெதுவாக நகரும் சரக்குப் படகு வரிசை. விஸ்கான்சினுக்குள் நுழைந்ததும் வானத்தில் கூட்டம் சேர்ந்துவிட்டது. ரிப்பன் என்ற ஊரிலிருந்து ஃபிஸ்க் வரை ஒரு ரயில் பாதை. அதன் மேலே 1,800 அடி உயரத்தில், 90 நாட் வேகத்தில், அரை மைல் இடைவெளி விட்டு, ஒருவர் பின் ஒருவராக எல்லோரும் போக வேண்டும். கீழே நிற்கும் கட்டுப்பாட்டாளர்கள் விமானத்தின் நிறத்தையும் வகையையும் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். பதில் பேசக் கூடாது. இறக்கையை ஆட்டிக் காட்ட வேண்டும். எங்களுக்கு ஓடுபாதையில் பச்சைப் புள்ளி கிடைத்தது. ஒரே ஓடுபாதையில் நிறப் புள்ளிக்கு ஒன்றாக இரண்டு மூன்று விமானங்கள் அடுத்தடுத்து இறங்கும் காட்சியை வேறெங்கும் பார்க்க முடியாது.

இந்தத் திருவிழாவை நடத்தும் இ.ஏ.ஏ. சங்கத்தை பால் போபெரெஸ்னி 1953-இல் மில்வாக்கியில் தொடங்கினார். 1970 முதல் திருவிழா ஆஷ்காஷில். வாரம் முழுக்க 6 லட்சத்துக்கு மேல் ஜனம். 10,000-க்கு மேல் விமானங்கள். பறந்து வருபவர்களில் பலர் தங்கள் விமானத்தின் இறக்கைக்குக் கீழேயே கூடாரம் அடித்துப் படுக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான்.

கண்காட்சிக் கொட்டகைகளில் முதலில் கண்ணில் பட்டது ஒரு அநியாயம். செயற்கை அடிவானம் காட்டும் மின்னணுத் திரைக்கு, வீட்டிலேயே கட்டிய விமானம் என்றால் ஒரு விலை. தொழிற்சாலையில் செய்த பழைய விமானத்துக்கு, கிட்டத்தட்ட அதே திரைக்கு, வேறு விலை. இரண்டாவதற்கு அரசின் அங்கீகாரச் சான்று வேண்டும் என்பதுதான் காரணம். பாதுகாப்புக்காகப் போட்ட விதியே பழைய விமானக்காரர்களைப் பழைய பம்பிலும் ஜைரோவிலும் கட்டிவைத்திருந்தது. 2016-இல் இந்தக் கதவு திறந்தது. இ.ஏ.ஏ. சங்கமே முன்னின்று டைனான் நிறுவனத்தின் டி10ஏ திரையை சில செஸ்னா, பைப்பர் விமானங்களில் பொருத்த அங்கீகாரம் வாங்கியது. அதே வருடம் கார்மினின் ஜி5-க்கும் அங்கீகாரம் வந்தது. பம்பு வேண்டாம், மின்சாரம் போனாலும் தனி பேட்டரியில் மணிக்கணக்கில் ஓடும். இந்த ஒரு மாற்றம் எத்தனை உயிரைக் காத்திருக்கும் என்று நினைக்கும்போது, அந்தச் சங்கத்துக்காரர்களின் மேல் எனக்குப் பெரும் மதிப்பு வருகிறது.

ஜி.பி.எஸ். பெட்டிகளில் கார்மினின் ஜிபிஎஸ் 175 முன்னால் தோழன் நெடுநேரம் நின்றான். 2019-இல் வந்தது. இரண்டு அங்குல உயரம்தான். வாஸ் உண்டு. பேசும் ரேடியோவும் வி.ஓ.ஆரும் அதில் கிடையாது, அதனால்தான் விலை குறைவு. அதன் அண்ணன் மாதிரியான ஜிஎன்எக்ஸ் 375-இல், ரேடாருக்குப் பதில் சொல்லும் டிரான்ஸ்பாண்டரும் சேர்ந்து வரும். விமானம் இருக்கும் இடத்தைத் தானே ஒலிபரப்பும், 2020 ஜனவரியில் கட்டாயமான ஏ.டி.எஸ்.-பி. கருவியை இன்னும் பொருத்தாதவர்களுக்கு அதுதான் லாபம். இவர்கள் முன்பே பொருத்தியாகிவிட்டது.

உண்மையான படிப்பினை கொட்டகைகளுக்கு வெளியே, பழைய சாமான் சந்தையில் கிடைத்தது. ஒரு மேசை முழுக்க ரேடியோக்கள். அதற்குப் பின்னால் நாற்பது வருடம் விமான ரேடியோ பழுது பார்த்ததாகச் சொன்ன ஒரு பெரியவர். தோழன் ஒரு கேஎக்ஸ் 155-ஐக் கையில் எடுத்தான். 1,800 டாலர். அவன் வைத்திருப்பதற்கு அடுத்த தலைமுறை, டிஜிட்டல் எண்கள், மின்னும் முகப்பு. பெரியவர் அதை வாங்கித் திருப்பி, பின்னால் ஒட்டியிருந்த பாக எண் தகட்டைக் காட்டினார்.

"உங்க விமானம் எந்த வருஷம்?"

"1968."

"அப்போ 14 வோல்ட். இது 28 வோல்ட் பெட்டி. 1978-லேருந்துதான் 172 அதுக்கு மாறுச்சு. அது இருக்கட்டும், இதுல கிளைடுஸ்லோப் இருக்கான்னு பார்த்தீங்களா? அது இல்லாமலும் இதே முகப்போட வந்திருக்கு. வெளியிலேருந்து பார்த்தா வித்தியாசம் தெரியாது. எண்ணைப் பார்த்தாத்தான் தெரியும்."

அதோடு நிற்கவில்லை. பெட்டியை மட்டும் விற்பவரிடம் வாங்காதீர்கள், அது உட்காரும் தட்டையும் பின் இணைப்பையும் ஊசிக் கருவியையும் சேர்த்துக் கேளுங்கள் என்றார். பட்டறையில் சோதித்ததற்கான சான்றுச் சீட்டு இல்லாத பெட்டி, விலை எவ்வளவு குறைந்தாலும், வேலை செய்யாத பெட்டி என்றே வைத்துக் கணக்குப் போடச் சொன்னார். பிறகு எங்கள் விமானத்தைப் பார்க்கத் தானாகவே எழுந்து வந்தார்.

பேனலுக்கு அடியில் மல்லாந்து படுத்து டார்ச் அடித்து, என்னையும் தலையை நுழைத்துப் பார்க்கச் சொன்னார். அரை நூற்றாண்டில் வந்து போன ஒவ்வொரு கருவியும் விட்டுச்சென்ற வயர்கள் அங்கே முடிச்சு முடிச்சாகத் தொங்கின. சிலது எங்கும் போகவில்லை. வெட்டிய நுனியில் கறுப்பு டேப். உறை வெடித்து உள்ளே பச்சை பூத்த ஆன்டெனா கேபிளை நகத்தால் சுரண்டிக் காட்டினார். புதுப் பெட்டியை இந்தக் கேபிளில் மாட்டினால் பழைய கோளாறுதான் புதுத் திரையில் வரும் என்றார். வாஸ் ஜி.பி.எஸ்-க்குக் கூரையில் அதற்கென்று தனி ஆன்டெனாவும் புதுக் கேபிளும் கட்டாயம். இடம் வலமும் சரிவும் காட்டும் ஊசிக் கருவி ஒன்றும் தனியாக வேண்டும். பட்டறைக் கூலி மணிக்கு நூறு டாலருக்கு மேல். பெட்டியின் விலைக்குச் சமமாகப் பொருத்தும் செலவு வந்தால் ஆச்சரியப்படாதீர்கள், முதலில் செத்த வயர்களை எல்லாம் உருவி எறியச் சொல்லுங்கள், அந்தக் கூலி வீண் போகாது என்றார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

அன்று மாலை இறக்கையடியில் உட்கார்ந்து கூட்டாளிகளோடு ஃபோனில் பேசினான். மெக்கானிக்குக்கு கேஎக்ஸ் 155 மேல் ஆசை. ஆசிரியருக்கோ பெரிய வண்ணத் திரைகள் வேண்டும். 70,000 டாலர் விமானத்தில் 50,000 டாலர் கருவி போட்டால் விற்கும்போது பாதிகூடத் திரும்பாது என்று இவன் எடுத்துச் சொன்னான். வி.ஓ.ஆரை முழுக்கக் கழற்றிவிடலாமா என்ற பேச்சும் வந்தது. அரசு வி.ஓ.ஆர். நிலையங்களைக் குறைத்துக்கொண்டு வந்தாலும், ஜி.பி.எஸ். சமிக்ஞை அறுந்தால் சுமார் 100 மைலுக்குள் எங்காவது இறங்கும்படி ஒரு குறைந்தபட்ச வலையை விட்டுவைக்கத்தான் போகிறது. அதைப் பிடிக்க ஒரு ரேடியோ இருக்க வேண்டாமா?

கடைசியில் மூவரும் ஒத்துக்கொண்ட பட்டியல் இது: ஜிபிஎஸ் 175, அதற்கு ஒரு ஊசிக் கருவி, புது ஆன்டெனா, கேபிள். அடிவானத்துக்கு பேட்டரி உள்ள ஜி5. இருக்கும் இரண்டு கேஎக்ஸ் 170பி-யில் நல்லதைப் பட்டறையில் சோதித்து வி.ஓ.ஆருக்கு வைத்துக்கொள்வது, சட்டப்படி 30 நாளைக்கு ஒருமுறை அதன் ஊசியைச் சரிபார்த்து எழுதுவது. ஏ.டி.எஃப்-ஐயும் செத்த வயர்களையும் கழற்றி எறிவது. எல்லாம் சேர்த்துச் சுமார் 15,000 டாலர். கேஎக்ஸ் 155-ஐ மேசையிலேயே விட்டுவிட்டு வந்தோம்.

மிச்சம் 3,000 டாலர். அதையும் ஏதாவது ஒரு பெட்டியில் போட்டுவிடலாம் என்று ஆசிரியர் சொன்னபோது தோழன் விட்டுக்கொடுக்கவில்லை. மேகத்துக்குள் பறக்கும் உரிமம் உள்ளவர்களும் கடந்த ஆறு மாதத்துக்குள் ஆறு முறையாவது கருவிகளைப் பார்த்து இறங்கிப் பழகியிருக்க வேண்டும் என்பது விதி. மூவருக்கும் அது காலாவதியாகிக் கிடக்கிறது. இந்த எஞ்சின் மணிக்கு எட்டு கேலன் குடிக்கும். பயிற்சி ஆசிரியரின் கூலி தனி. அந்த 3,000 டாலரும் பெட்ரோலுக்கும் பயிற்சிக்கும் என்று முடிவாயிற்று. பழைய விமானத்துக்குக் கருவி வாங்குகிற யாரும் அந்தப் பெட்ரோல் காசைப் பட்டியலின் முதல் வரியில் எழுதிவிட்டு, மீதிப் பணத்துக்கு என்ன பெட்டி வரும் என்று பார்ப்பதே சரி என்பது என் அபிப்பிராயம்.